ஒரே உலை

கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவரிடம் சோற்றைக் குறை என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இங்கே சோறு மலையைக் குடைந்துகொண்டு வந்தது. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றுத் தண்ணீர், 1895-இல் அணை வேலை முடிந்தபின் சுரங்கம் வழியே கிழக்கே திரும்பி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வயல் வயலாக நிறைத்தது. அதற்கு முன்னும் ஆற்றோரத்தில் நெல் இருந்ததுதான். ஆனால் நம்பி விதைக்கக்கூடிய நெல்லைக் கொடுத்தது அந்தத் தண்ணீர். பள்ளத்தாக்கின் இருபோக நிலம் 14,707 ஏக்கர். அதில் 11,807 ஏக்கர் எங்கள் உத்தமபாளையம் வட்டத்தில் மட்டும் இருக்கிறது. அணையைக் கட்டிய ஜான் பென்னிகுவிக்கின் படம் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டப்பட்ட வீடுகள் இங்கே உண்டு. ஜனவரி 15 அவர் பிறந்த நாள். தைப் பொங்கலோடு சேர்ந்து வருவதால் அவர் பேரைச் சொல்லியும் பொங்கல் வைக்கிறார்கள்.

என் பாட்டி ஆண்டிபட்டிப் பக்கம், வானம் பார்த்த பூமியில் பிறந்தவர். சோளச்சோறும் கம்பங்கூழும் குதிரைவாலியும்தான் அங்கே அன்றாடம். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். உத்தமபாளையத்தில் மாப்பிள்ளை என்று சொன்னதும் வேறெதுவும் கேட்காமல் கட்டிக்கொடுத்தார்களாம், மூன்று வேளையும் நெல்லுச்சோறு தின்கிற ஊர் என்பதால். அவர் கடைசிக் காலம் வரை தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவரின் பேத்தி நான் இன்று உழக்கை எடுத்து அரிசியை அளக்கும்போது, ஒரு கை குறைத்துப் போடுகிறேன். அந்த ஒரு கை அரிசியைக் குறைக்க எங்கள் வீட்டில் எவ்வளவு பேச்சு, எவ்வளவு கண்ணீர், எவ்வளவு பேசாமல் இருந்த நாட்கள் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். சோறு குறைந்தது உடம்புக்கு நல்லது. ஆனால் அது யார் தட்டில் குறைந்தது, யார் குறைத்தது, யாருக்காகக் குறைந்தது என்ற கேள்விகளை யாரும் கேட்பதில்லை. குடும்பத்தோடு நலமாக வாழ்வது பற்றி எழுதப்படும் எல்லாவற்றிலும் எனக்கு இந்தக் குறை உண்டு.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு மருத்துவரைப் பார்க்கக் கணவன், மனைவியாகப் போனால் நடப்பதைக் கவனித்திருப்பீர்கள். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மருத்துவர் நிமிர்கிறார். சுகர் இருப்பது அவருக்கு. மருத்துவர் பேசுவதோ பக்கத்தில் நிற்கும் மனைவியிடம். "ஏம்மா, இனிமே இவருக்குச் சோறு கம்மியாப் போடுங்க. எண்ணெ, சீனி எல்லாம் கொறைங்க." அந்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நிமிடத்தில் அவருடைய நோய் அவளுடைய வேலையாக மாறிவிடுகிறது. அன்றிலிருந்து ஒரே அடுப்பில் இரண்டு சமையல். அவருக்குச் சப்பாத்தி, பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் சோறு. எல்லோரும் சாப்பிட்டபின் மிஞ்சிய சோற்றையும் அடிச்சட்டிக் குழம்பையும் நின்றபடியே அவள் சாப்பிடுகிறாள். வீணாக்கக் கூடாதே என்று. அவளுடைய இரத்தத்தில் என்ன ஓடுகிறது என்று பார்க்க அவளுக்கும் தோன்றவில்லை, மற்றவர்களுக்கும் தோன்றவில்லை.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆகியிருக்கும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலர் அக்கா, என் வீட்டுக்காரருக்கு விரல் நுனியில் குத்திப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் உக்காருங்க" என்றார். "எனக்கு ஒண்ணுமில்லக்கா" என்றேன். "ஒரு சட்டிச் சோறுதான திங்கிறீங்க ரெண்டு பேரும்? உக்காருங்க" என்றார். பிறகு ஆய்வகத்தில் எடுத்துப் பார்த்ததில், அவருக்கு நோய் வந்துவிட்டிருந்தது. நான் வாசற்படியில் நின்றேன். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி அளவு 5.7-க்கும் 6.4-க்கும் இடையே இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்கிறார்கள். நான் அதற்குள் இருந்தேன்.

அந்த அக்கா படித்த படிப்பு பத்தாம் வகுப்பு. ஆனால் அவர் சொன்னதைத்தான் பெரிய பெரிய ஆய்வுகளும் சொல்கின்றன. சர்க்கரை நோய் உள்ளவரின் வாழ்க்கைத் துணைக்கும் அந்த நோய் வரும் வாய்ப்பு சுமார் 26 விழுக்காடு அதிகம் என்று 2014-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு கட்டுரை சொன்னது. இரத்தக் கொதிப்பைப் பற்றி 2023-இல் வெளியான இன்னோர் ஆய்வு அமெரிக்கா, இங்கிலாந்து, சீனா, இந்தியா நான்கையும் ஒப்பிட்டது. இந்தியாவிலிருந்து மட்டும் 22,000-க்கும் மேற்பட்ட தம்பதிகள் அதில் இருந்தார்கள். அவர்களில் ஐந்தில் ஒரு தம்பதியில் இருவருக்குமே கொதிப்பு. கணவனுக்குக் கொதிப்பு இருந்தால் மனைவிக்கும் இருக்கும் வாய்ப்பு இந்தியாவில் 19 விழுக்காடு கூடுதல். இரத்த உறவு இல்லாத இரண்டு பேர். கல்யாணத்தன்றுதான் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்த்தவர்கள்கூட அதில் இருப்பார்கள். அவர்களுக்குள் பொதுவாக இருப்பது உலையும் உப்பும் எண்ணெயும், இரவு சாப்பிடும் நேரமும், தூக்கமும், கவலையும். முப்பது வருடம் இவற்றைப் பங்குபோட்டவர்கள் நோயையும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள்.

தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023-இல் சொன்னது. நாடு முழுமைக்கும் 11.4. அதே ஆய்வின் உணவுப் பகுதி, இந்தியர்கள் ஒரு நாளில் பெறும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் கொடுத்த வழிகாட்டுதலோ தானியங்களிலிருந்து 45 விழுக்காட்டுக்கு மேல் போக வேண்டாம் என்கிறது. 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், கீரையும் காயுமாக 400 கிராம். இந்தக் கணக்கை வாசித்தபோது எனக்கு முதலில் உறைத்தது சோற்றின் அளவல்ல, காயின் அளவு. கீரையும் காயும் 400 கிராம்! எங்கள் தட்டில் வெஞ்சனம் என்று ஓரத்தில் இருந்தது ஒரு கரண்டி. நாங்கள் சோற்றைத் தின்ன வெஞ்சனத்தைத் தொட்டுக்கொண்டிருந்தோம். இனி வெஞ்சனத்தைத் தின்ன சோற்றைத் தொட்டுக்கொள்ள வேண்டும் என்று புரிந்தது.

அரிசியைப் பழிக்கும் ஆட்களோடு எனக்கு உடன்பாடில்லை. குடும்ப அட்டைக்கு மாதந்தோறும் அரிசி விலையில்லாமல் 2011 ஜூன் முதல் கிடைக்கிறது. அந்த அரிசி எத்தனை வீடுகளில் பசியை விரட்டியிருக்கிறது என்பதை இந்தப் பள்ளத்தாக்கின் கூலிக்காரத் தெருக்களில் நடந்தவர்கள் அறிவார்கள். பசித்தவனிடம் போய் தினையும் சாமையும் தின் என்று சொல்வது அறமல்ல. அவற்றின் விலை அவனுக்கு எட்டாது. நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023 மே மாதத்திலிருந்து ரேஷனில் அரிசிக்குப் பதிலாக விரும்புவோருக்கு 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அப்படி ஒரு ஏற்பாடு எங்கள் மாவட்டத்துக்கும் வந்தால் நான் மகிழ்ச்சியோடு வாங்குவேன். ஆனால் கேழ்வரகைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நைசாக அரைத்த மாவில் கூழாகக் காய்ச்சி, சொம்பு சொம்பாகக் குடித்தால் அதுவும் சர்க்கரையை வேகமாகத்தான் ஏற்றும். தானியத்தின் பெயர் மட்டும் நம்மைக் காப்பாற்றாது. எவ்வளவு, எதோடு, எப்படி அரைத்து என்பதெல்லாம் சேர்ந்ததுதான் கணக்கு.

தட்டிலிருந்து ஒன்றை விடும் விஷயத்தில் தம்பதிகளைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் எனக்கு நினைவுக்கு வரும் முதல் தம்பதி காந்தியும் கஸ்தூரிபாயும்தான். 'சத்திய சோதனை'யில் அவரே எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் கஸ்தூரிபாய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்து, சில காலம் நின்றிருந்த உதிரப்போக்கு மறுபடி தொடங்கியது. உப்பையும் பருப்பையும் விட்டுவிடச் சொல்கிறார் காந்தி. எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில், உங்களுக்கே யாராவது சொன்னால் நீங்கள் இவற்றை விடுவீர்களா என்று கேட்டுவிடுகிறார். காந்தி அந்த இடத்திலேயே, நீ விட்டாலும் விடாவிட்டாலும் நான் ஒரு வருடத்துக்கு உப்பையும் பருப்பையும் விட்டேன் என்கிறார். கஸ்தூரிபாய் பதறிப்போகிறார். மன்னிப்புக் கேட்கிறார், தான் விட்டுவிடுவதாகவும் அவர் சபதத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றும் கெஞ்சுகிறார். அவர் கேட்கவில்லை. உங்கள் பிடிவாதத்துக்கு முன் யார் நிற்க முடியும் என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டு அந்த அம்மா அழுகிறார். பிறகு உடல் தேறியது என்றும் காந்தி எழுதுகிறார்.

இளம் வயதில் வாசித்தபோது இதைக் காந்தியின் பெருமையாக எடுத்துக்கொண்டேன். இப்போது வாசிக்கும்போது கஸ்தூரிபாயின் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொள்கிறது. உன் தட்டில் இருப்பதை நீ விடாமல் என் தட்டிலிருந்து எப்படி எடுப்பாய்? நோயாளி கேட்கக்கூடிய மிக நியாயமான கேள்வி அது. காந்தி அதற்குக் கொடுத்த பதிலில் பாதியை நான் தலைவணங்கி ஏற்கிறேன்: சொல்வதற்கு முன் தன் தட்டிலிருந்து எடுத்தார். மறுபாதியை ஏற்க முடியவில்லை. அவர் அவளோடு சேர்ந்து விடவில்லை. அவளை முந்திக்கொண்டு விட்டார். சபதம் என்று ஒன்று விழுந்தபின் அவளுக்குப் பேச இடமில்லை. கூடவே நடப்பதும் முன்னே போய் நின்றுகொண்டு அழைப்பதும் ஒன்றல்ல. எங்கள் வீட்டில் முதல் சில மாதங்களில் நடந்த சண்டைகள் எல்லாமே, யோசித்துப் பார்த்தால், இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடந்தன.

நம் பக்கத்துப் பழக்கம் ஒன்றும் இதோடு சேர்த்து நினைக்கத் தகுந்தது. பால்குடிப் பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்றால் பத்தியம் இருப்பவள் தாய். பிள்ளைக்கு மருந்து, தாய்க்குப் பத்தியம். இன்னொருவர் உடம்புக்காகத் தன் நாக்கைக் கட்டுவது நமக்குப் புதிதே இல்லை. ஆனால் அது எப்போதும் தாயிடமிருந்து பிள்ளைக்கு, மனைவியிடமிருந்து கணவனுக்கு என்று ஒரு திசையில்தான் ஓடியிருக்கிறது. மனைவிக்குச் சுகர் என்றால் கணவன் பத்தியம் இருந்த வீடு எத்தனை? அவளுக்குச் சுகர் வந்த வீடுகளில் அவருக்கு வழக்கம்போல வடையும் இனிப்புக் காப்பியும் போட்டுக் கொடுத்துவிட்டு, அவள் தனக்குச் சீனியில்லாமல் கலந்துகொள்கிறாள். வீட்டில் யார் பேச்சுக்கு எவ்வளவு எடை என்பதைச் சீனி டப்பாவைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

சேர்ந்து மாறினால் மாற்றம் நிலைக்கிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் ஐம்பது வயது தாண்டிய 3,722 தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2015-இல் வந்தது. உடலுழைப்பே இல்லாமலிருந்த ஆண்களில், மனைவியும் சேர்ந்து நடக்கவோ ஓடவோ தொடங்கியபோது மூன்றில் இரண்டு பேர் மாறினார்கள். மனைவி மாறாத இடத்தில் நான்கில் ஒருவர்தான். பெண்களுக்கும் ஏறத்தாழ அதே கணக்கு. எனக்கு அதில் வியப்பூட்டியது வேறொன்று. புகைபிடிப்பதை விடும் விஷயத்தில், ஏற்கெனவே நல்ல பழக்கத்தோடு இருக்கும் துணையைவிட, தன்னோடு சேர்ந்து அதே நேரத்தில் விடுகிற துணையே அதிகம் உதவுகிறார். ஏற்கெனவே ஒழுங்காக இருப்பவர் பக்கத்தில் இருந்தால் உபதேசம்தான் கிடைக்கும். சேர்ந்து தடுமாறுகிறவர் பக்கத்தில் இருந்தால் துணை கிடைக்கும் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நம் உடம்புக்கு இது பலிக்குமா என்ற சந்தேகத்துக்கும் சென்னையிலேயே பதில் கிடைத்தது. மருத்துவர் அ. ராமச்சந்திரனின் குழு, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டது. எதுவும் செய்யாமல் வழக்கம்போல் இருந்தவர்களில் 55 விழுக்காட்டினர் நோயாளிகளானார்கள். உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் 39.3 விழுக்காட்டினர். மெட்ஃபார்மின் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே பலன்தான். நடையோடு மாத்திரையைச் சேர்த்ததால் தனியாக எதுவும் கூடிவிடவில்லை. இந்த எண்களை நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நம்பிக்கை தருகிறது என்பதால் மட்டுமல்ல, பொய் சொல்லவில்லை என்பதாலும். மாறியவர்களிலும் பத்தில் நான்கு பேருக்கு நோய் வந்தது. பக்கத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்து நெய்யாற்றின்கரை வட்டத்தில் 1,007 பேரோடு, குடும்பத்தினரையும் அழைத்து, ஊராரில் ஒருவரையே வழிகாட்டியாக வைத்து இரண்டு ஆண்டுகள் நடத்திய முயற்சியின் முடிவு 2018-இல் வந்தது. நோய் வருவது கொஞ்சம் குறைந்ததே தவிர, உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. காயும் பழமும் தட்டில் கூடியது. அதுவே பெரிதுதான். உடம்பு நம் சொற்படி கேட்கும் வேலைக்காரன் இல்லை. நாம் செய்யக்கூடியதைச் செய்யலாம், அவ்வளவே.

எங்கள் அடுப்படிக்கு வருகிறேன். முதலில் முடிவு செய்தது, இரண்டு சமையல் கிடையாது என்பது. அவருக்கு எது உண்டோ அதுவே எனக்கும், என் மாமியாரான அத்தைக்கும், லீவுக்கு வரும் பிள்ளைகளுக்கும். அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "இந்த வயசுல எனக்கு என்னத்துக்குடி பத்தியம்?" என்றார். அவருக்கு மட்டும் சோறு கூடுதலாக வைத்தோம். எண்பது வயதில் பசியைத் தடுப்பது பாவம். மற்றபடி உலை ஒன்று. சோற்றில் ஒரு கை குறைந்த இடத்தில் தட்டைப்பயறும் பச்சை மொச்சையும் கொள்ளும் வந்தன. முருங்கையும் அகத்தியும் எங்கள் பக்கம் காசு கொடுத்து வாங்கும் பொருளே இல்லை, பக்கத்து வீட்டில் கேட்டால் ஒடித்துக் கொடுப்பார்கள். முதலில் கீரையும் காயும், பிறகு பயறோ முட்டையோ மீனோ, கடைசியில் சோறு என்று வரிசையை மாற்றினோம். சர்க்கரை ஏறும் வேகத்தை இந்த வரிசையே தணிக்கிறது. பன்னீர் திராட்சையைத்தான் விட முடியவில்லை. ஆண்டு முழுக்கக் கொடியில் காய்க்கும் ஊரில் பிறந்துவிட்டு, 2023-இல் புவிசார் குறியீடும் வாங்கிய பழத்தை எப்படி விடுவது? ஒரு கொத்தை இருவரும் பிரித்துக்கொள்கிறோம். சாறு பிழிந்து குடிப்பதை மட்டும் அடியோடு நிறுத்திவிட்டோம்.

ஆனால் தட்டில் வந்த மாற்றத்தைவிடப் பெரியது, காய் நறுக்கும் கை மாறியது. 400 கிராம் காய் தலைக்கு என்றால் நாலு பேருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். அதை ஒருத்தி தினமும் கழுவி, அரிந்து, தாளித்து முடிக்க முடியாது. இந்த எளிய கணக்கு எந்த வழிகாட்டு ஏட்டிலும் இல்லை. நாட்டு மக்கள் கூடுதலாகக் காய் சாப்பிட வேண்டும் என்று சொல்லும்போது, நாட்டின் பெண்கள் கூடுதலாக ஒரு மணிநேரம் அரிவாள்மனையில் உட்கார வேண்டும் என்றுதான் அது முடிகிறது. என் வீட்டுக்காரர் கீரை ஆயக் கற்றுக்கொண்டார். ஆரம்பத்தில் முற்றல் தண்டையும் சேர்த்துப் போட்டார். நான் வாயைத் திறக்கவில்லை, அவரே கடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார். இன்று பீர்க்கங்காய்த் தோலைத் துவையலுக்கு எடுத்து வைக்கும் அளவுக்கு வந்திருக்கிறார். இரவுச் சமையலில் நான் தலையிடுவதில்லை. அவர் கையால் செய்ததை அவர் குறை சொல்லாமல் சாப்பிடுகிறார். நோயாளியாக இருந்தவர் தன் நோய்க்குத் தானே பொறுப்பேற்றது அந்த அரிவாள்மனைக்கு முன்னால்தான்.

நடைக்கு வருவோம். சாப்பிட்டதும் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை. தசை அசையும்போது இன்சுலினின் தயவு அதிகமில்லாமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் சாப்பிட்டபின் சின்னதாக ஒரு நடை நடந்தாலும் பலன் தெரிகிறது. வாரத்துக்கு 150 நிமிடமாவது நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் வாரத்தில் இரண்டு நாள் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டு அரசு 2023 நவம்பர் 4 அன்று 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒன்றாக 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கி வைத்தது. நல்ல காரியம். ஆனால் உத்தமபாளையம் மாதிரி ஊரில் நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு நடைபாதையைவிட முக்கியமானது வாசற்படி. அதைத் தாண்டுவதற்கு ஒரு காரணம் வேண்டும். கோயிலுக்கு, கடைக்கு, பால் வாங்க, துக்கம் கேட்க என்று காரணத்தோடுதான் இதுவரை வெளியே போயிருக்கிறாள். ஒரு வேலையும் இல்லாமல், கையில் பையும் இல்லாமல், சும்மா நடந்துவிட்டு வருவது என்பது அவளுக்குப் பழக்கமில்லாத ஒன்று. அந்த நேரத்தில் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும். "புதுசாக் கல்யாணமானவுக மாதிரி ரெண்டு பேரும் எங்க கெளம்பிட்டீக?" என்று திண்ணையிலிருந்து ஒரு குரல் கேட்கும். கேலிதான். ஆனாலும் முதல் வாரம் அந்தக் கேலிக்கு அஞ்சி சந்து வழியாகப் போனோம்.

வாய்க்கால் கரையில் காலை நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கணவர் முன்னால், மனைவி நாலடி பின்னால். வேண்டுமென்று செய்வதில்லை. அவருடைய கால் நீளம், சேலைக் கொசுவம் தடுக்காத வேட்டியோ பேண்டோ, சிறுவயதிலிருந்து தெருவில் விரைந்து நடந்த பழக்கம் எல்லாம் சேர்ந்து அவரை முன்னே கொண்டு போகின்றன. நாங்களும் அப்படித்தான் நடந்தோம். "கொஞ்சம் நில்லுங்க" என்று நான் சொல்ல, அவர் நின்று திரும்பிப் பார்க்க, நான் சேர்ந்துகொள்ள, மறுபடி நாலடி. பிறகு ஒரு ஏற்பாடு வந்தது. போகும்போது என் வேகம், திரும்பும்போது அவர் வேகம். நான் சுடிதாருக்கும் ஷூவுக்கும் மாறினேன். அத்தைதான் முதலில் "இது நல்லா இருக்கு, விழுகாம நடக்கலாம்" என்றார். மேற்கே மலையில் மேகம் இறங்குவதும் கிழக்கே மேகமலைப் பக்கம் வெளிச்சம் வருவதும் பள்ளத்தாக்கின் நடுவில் நடக்கிறவர்களுக்குக் கிடைக்கும் செல்வம். அதைவிட, பிள்ளைகள் படிப்பு, கடன், சம்பளம் தவிர வேறு எதையும் பேசாமலிருந்த இரண்டு பேர் அந்த நேரத்தில் சில நாள் எதையுமே பேசாமல் நடக்கப் பழகினோம். அந்த மௌனம் வீட்டில் இருந்த மௌனம் அல்ல.

வைகாசியும் ஆவணியும் வந்தால் எல்லாம் கலைந்துபோகும். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், கிடா வெட்டு. வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா சித்திரையில் முடிந்த கையோடு அழைப்பிதழ்கள் குவியும். மொய் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் வந்தால் பகை. ஒரு வீட்டுக்குப் போய் ஒரு வாய் காப்பித்தண்ணி குடிக்காமல் எழுந்தால் "எங்க வீட்ல கை நனைக்க மாட்டீகளா?" என்று கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. யார் வீட்டில் யார் கை நனைத்தார்கள் என்பதை வைத்து மனிதரை மனிதர் தள்ளிவைத்த வரலாறு. எனவே நான் எந்த வீட்டிலும் எதையும் மறுப்பதில்லை. பாதி டம்ளர் வாங்கிக் குடிக்கிறேன். பந்தியில் அவர் இலையையும் என் இலையையும் பக்கத்தில் போட்டுக்கொள்கிறோம். இனிப்பு ஒருவர் இலையில் விழுந்தால் இருவரும் பகிர்ந்துகொள்கிறோம். சர்க்கரை அளவு அந்த மாதங்களில் ஏறத்தான் செய்கிறது. பிறகு இறங்குகிறது. உறவை அறுத்துக்கொண்டு கிடைக்கும் ஆரோக்கியம் எங்களுக்கு வேண்டாம் என்று இருவருமே முடிவு செய்தோம்.

இதையெல்லாம் எழுதும்போது எங்கள் தெருக்கோடியில் இருப்பவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இங்கிருந்தும் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் பெண்கள் விடியுமுன்பே ஜீப்பில் ஏறி, மலைப்பாதை வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். நாள் முழுக்கச் சரிவில் குனிந்து காய் பறித்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புகிறார்கள். அவர்களிடம் போய் நடை பழகு என்று சொல்ல எனக்கு நா கூசும். அவர்களுக்கும் சுகர் வருகிறது, கொதிப்பு வருகிறது. தூக்குவாளி நிறையச் சோறு, மேலே கொஞ்சம் குழம்பு, ஒரு ஊறுகாய்த் துண்டு. பள்ளத்தாக்கில் விளையும் காய்கள் லாரியில் ஏறி அதே மலையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போகின்றன. அவள் வாளியில் காய் இல்லை, நறுக்க அவளுக்கு நேரம் இல்லை. மூன்றரை மணிக்கு எழுந்தவளுக்குத் தூக்கமும் இல்லை. இப்படிப்பட்ட வீடுகளில் கணவனும் மனைவியும் சேர்ந்து நலமாவது என்றால் அது நடையில் தொடங்காது. முந்தின இரவே அவர் பீன்ஸ் நறுக்கி வைப்பதில், விடியலில் உலை வைக்க அவர் எழுந்து அவளை இன்னும் அரை மணிநேரம் தூங்க விடுவதில் தொடங்கும். அப்படிச் செய்கிற ஒருவர் அந்தத் தெருவில் இருக்கிறார். தன் மனைவியின் வாளியில் இப்போது பாதி காய்தான் என்று டீக்கடையில் வெளிப்படையாகச் சொல்கிறார்.

தன்னார்வலர் அக்கா காலையில் கருவியோடு வரும் நேரத்தில் அந்தப் பெண்கள் மலையில் இருப்பார்கள். வீட்டில் இருக்கும் ஆண்களுக்கும் கிழவிகளுக்கும் பார்த்துவிட்டுப் போவதே நடக்கும். அதனால் அக்கா அந்தத் தெருவுக்கு மட்டும் ஜீப் திரும்பும் நேரம் பார்த்து, சாயங்காலம் ஒரு தடவை தனியாக வருகிறார். இருவரையும் ஒரே பாயில் உட்கார வைத்து விரலில் குத்திப் பார்க்கிறார். போன தடவை நானும் கூடப் போனேன். ஏழு வீட்டில் நான்கு வீட்டில் பெண்ணுக்குத்தான் முதலில் தெரிந்தது.